திறந்திருக்கும் குழாய்

இந்த வீட்டில் தாழ்ப்பாள் உள்ள கதவு குளியலறைக்கு மட்டும்தான். கவிழ்த்துப்போட்ட வாளியின்மேல் உட்கார்ந்து அவள் ஜெபம் செய்கிறாள். குளிக்கிறாள் என்று வெளியே நினைக்கட்டும் என்று குழாயைத் திறந்துவிட்டிருக்கிறாள். மங்கல் கண்ணாடி வழியே ஒரு முழ வெளிச்சம் மடியில் விழுகிறது. கதவின் அடியிடுக்கில் இரண்டு பாதங்களின் நிழல் வந்து நிற்கிறது. “அண்ணி, என் சட்டை இன்னும் தேய்க்கலையா?” என்கிறான் கொழுந்தன். “இவ உள்ள போனா வீடே வாசல்ல நிக்கணும்!” என்று அவன் பின்னால் மாமியாரின் குரல். தாழ்ப்பாள் கடகடக்கிறது. ஒருவர் விடாமல் வீட்டில் எல்லோருக்காகவும் அவள் வேண்டி முடித்துவிட்டாள். வழக்கமாக இந்த இடத்தில் எழுந்து ஓடிவிடுவாள். இன்று கை நீண்டு குழாயை இறுக்கி மூடுகிறது. “நான் குளிக்கல. ஜெபம் பண்ணிட்டிருக்கேன். இன்னும் முடியல.” குரல் கதவைத் தாண்டிவிட்டது.  அடியிடுக்கில் பாதங்களின் நிழல் நகரவில்லை. கடைசிச் சொட்டு விழுந்து குழாய் ஓய்கிறது. தினமும் மகளின் தலையில் வைத்து ஆசீர்வதிக்கிற கையை, முதல்முறையாகத் தன் உச்சந்தலையில் வைத்துக்கொண்டு அவள் கண்ணை மூடுகிறாள்.