இடது முன்சக்கரம்

பைக்கிலிருந்து இறங்கியதும் அவன் முதலில் பார்த்தது சக்கரம் இல்லாத இடத்தைத்தான்.

கார் இடப்பக்கம் சரிந்து, முட்டி போட்டதுபோல் கிடந்தது. அதன் பின்னால் தார் ரோட்டில் நீளமாக ஒரு கீறல்.

போல்ட்டுகள் அப்படியே இருந்தன. நட்டு ஒன்றுகூட இல்லை.



காலையில் பட்டறையில் பிரேக் பேடு மாற்றியவன் அவன்தான். சக்கரத்தைத் தூக்கி வைத்து, நட்டுகளைக் கையால் சுற்றிவிட்டான். ஜாக்கியை இறக்கிய பிறகு ஸ்பானர் போட்டு முடுக்க வேண்டும். ஜாக்கியை இறக்கினான். அந்த நேரம் பார்த்து, காரின் சொந்தக்காரர் ரைஸ்மில் சென்னியப்பன் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார்.

"ராகு காலம் பொறக்கப் போகுது தம்பி. வண்டிய வெளிய எடுத்துரோணும்."

பேடு மாற்றிய வண்டிக்கும் பழம் வைக்காமல் எடுக்கமாட்டார் அவர். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தவனும் அவன்தான். குனிந்து, ஒவ்வொன்றாக, டயர் சரியாக மேலே ஏறும்படி வைத்தான். இடது முன்சக்கரத்துக்கும் வைத்தான். ஸ்பானர் அந்தப் பழத்துக்குப் பக்கத்திலேயே கிடந்தது.

நாலு பழமும் நன்றாக நசுங்கின. சகுனத்தில் ஒரு குறையும் இல்லை.

இப்போது சென்னியப்பன் கத்திக்கொண்டிருந்தார்.

"பம்பர் போச்சு. அடிப்பக்கம் பூரா தேஞ்சு போச்சு. இதுக்கெல்லாம் யாரு தண்டம் அழுவறது?"

"வண்டி ஆடுச்சுன்னு நீங்களே சொல்றீங்க. அப்பவே ஓரங்கட்டி நிறுத்தியிருக்கலாமுங்க."

"மாட்டுனவன் நீ."

"அவசரப்படுத்துனது நீங்கதானுங்க."

அவன் குரலும் ஏறிவிட்டது. மாமனார் கை கொடுத்துப் போட்ட பட்டறை. இந்தப் பேச்சு ஊருக்குள் போனால் நாளைக்கு ஒரு வண்டி வராது. பயந்தவன்தான் அதிகமாகச் சத்தம் போடுவான். அவன் போட்டான்.

கழன்ற சக்கரத்தை இருவரும் மறந்தே போனார்கள். அது சரிவில் இறங்கி, முள்வேலியைப் பிய்த்துக்கொண்டு, சோளக்காட்டுக்குள் உருண்டு போயிருந்தது. இரும்பும் ரப்பரும்தானே. எங்கே போய்விடும்.

சோளத்தட்டுகள் அசைந்தன.

ஒரு ஆள் சரிவில் ஏறி வந்தான். சக்கரத்தை நெஞ்சோடு சேர்த்துத் தூக்கிக்கொண்டு வந்தான். உடம்பில் சட்டையில்லை. முழங்கை வரை ரத்தம்.

சென்னியப்பன் தன் சட்டைப்பையைத் தொட்டார்.

"ஆடு கீடு அடிபட்டுப்போச்சாப்பா? பாத்துக் குடுத்தர்லாம்."

வந்தவனுக்கு மூச்சு வாங்கியது.

"ஆடு இல்லீங்க."

சென்னியப்பன் சட்டைப்பையிலிருந்து கையை எடுத்தார்.

"எங்கூட்டுக்காரிங்க. களை வெட்டீட்டு இருந்தா. மூச்சு இருக்குது. நூத்தியெட்டுக்குச் சொல்லிப்போட்டேன், காங்கயத்துல இருந்து வரோணுமாம். இதைய மாட்டீட்டீங்கன்னா இந்த வண்டியிலயே கொண்டுட்டுப் போயர்லாமுங்க."

வந்தவன் சக்கரத்தை அவன் காலடியில் வைத்தான். பிள்ளையை இறக்கிவிடுவதுபோல், மெதுவாக.

சென்னியப்பன் நடுரோட்டுக்கு ஓடினார். இரண்டு கையையும் தூக்கி மறித்தார். ஒரு லாரி ஹாரன் அடித்து ஒதுங்கிப் போனது. பின்னால் வந்த காரும் போனது.

இது யார் செய்த வேலை என்று அந்த ஆள் கேட்கவில்லை.

கேட்டால் சொல்லிவிடலாம் என்று அவன் நினைத்தான். சத்தியமாக நினைத்தான்.

ஜாக்கியைக் கொடுத்துத் தூக்கினான். மற்ற மூன்று சக்கரங்களிலிருந்தும் தலா ஒரு நட்டைக் கழற்றினான். ஒரு நட்டு விழுந்து உருண்டது. அந்த ஆள்தான் மண்டியிட்டுப் பொறுக்கி, வேட்டியில் துடைத்துக் கொடுத்தான்.

டயரின் வெட்டுக்குள் ஒரு எலுமிச்சை விதை இன்னும் ஒட்டியிருந்தது. அதன் பக்கத்தில் நீளமாக ஒரு தலைமுடி.

அவன் அந்தப் பக்கம் கீழே வரும்படி சக்கரத்தைத் திருப்பி மாட்டினான்.

சென்னியப்பன் பின்கதவைத் திறந்து, தோளில் கிடந்த துண்டைச் சீட்டின் மேல் விரித்தார். சீட்டுக்காகவா, அவளுக்காகவா என்று தெரியவில்லை.

ஜாக்கி இறங்கியது.

ஸ்பானரைப் போட்டான். முதல் நட்டு. இரண்டாவது. மூன்றாவது. திரும்பவும் முதலாவது. எழுந்து நின்று, ஸ்பானரின் மேல் காலை வைத்து, முழு எடையையும் கொடுத்து அழுத்தினான். இதை விட்டால் கீழே போக வேண்டும். சோளத்தட்டை விலக்கிப் பார்க்க வேண்டும். அவள் தலைப்பக்கமோ கால்பக்கமோ பிடித்துத் தூக்க வேண்டும்.

அந்த ஆள் அவன் தோளைத் தொட்டான். வெதுவெதுப்பான, ஈரமான கை.

"போதுமுங்க," என்றான். "நல்லா முடுக்கீட்டீங்க."

ஸ்பானர் அதற்கு மேல் நகரவில்லை.

அவன் இன்னும் அழுத்திக்கொண்டிருந்தான்.