எந்தக் காற்றிலும் உங்களோடு

“பஹ்கத் பாஷா முதல் வரிசையில, ஜன்னல் ஓரமா உட்கார்ந்திருக்கார் நக்வா! அவரைப் போய் ஆகாயத்துல சுத்த விடுறியே!” என்று கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் நின்று குதித்தார் விமான நிலைய இயக்குநர் வக்தி.

விமானங்களுக்கு வழி சொல்லும் நக்வா ஜன்னலைப் பார்த்தாள். வெளியே கம்சின் என்னும் புழுதிக்காற்று பாலைவனத்தை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. முதலில் தண்ணீர்த் தொட்டி மறைந்தது, பிறகு ஓடுபாதை, இப்போது கோபுரத்தடியில் கட்டியிருந்த கன்றுக்குட்டியும் மறைந்துவிட்டது. அது கத்துவது மட்டும் கேட்டது.

பாஷா மண்ணில் காலை வைத்ததும் வரவேற்பாக அறுப்பதற்கான கன்று அது. அவருடைய புது விமானக் கம்பெனி இந்தப் பாலைவனச் சோலை ஊருக்கு விடும் முதல் விமானம் இன்று வருகிறது. ‘எந்தக் காற்றிலும் உங்களோடு’ என்று பாஷா சிரிக்கும் படத்தோடு ஊர் முழுக்கச் சுவரொட்டி. அதில் பாதியைக் காற்று காலையிலேயே கொண்டுபோய்விட்டது.

வக்தியின் மகனுக்குக் கம்பெனியில் வேலை தருவதாக பாஷா வாக்குக் கொடுத்திருந்தார். அதனால் ஊரையே மறைத்த புழுதி வக்தியின் கண்ணில் மட்டும் படவில்லை.

ரேடியோ கரகரத்தது. “கோபுரம், நான் கேப்டன் ஸப்ரி. மறுபடி ஒரு தடவை இறங்கிப் பார்க்கவா?” குரல் நடுங்கியது.

“இங்க என் மூக்கு நுனியே எனக்குத் தெரியல கேப்டன். லக்ஸர் விமான நிலையத்துல வானம் வெளுத்துக் கிடக்கு. எரிபொருள் எவ்வளவு இருக்கு?”

“லக்ஸர் போகப் போதும். இங்க இன்னொரு தடவை முயற்சி பண்ணினா அதுக்கும் பத்தாது.”

“அப்புறம் என்ன? கிளம்புங்க.”

“எப்படிம்மா கிளம்புறது? கம்பெனி ரேடியோல முதலாளி ரெண்டு தடவை சொல்லிட்டார், திரும்பினா வேலை போச்சுன்னு. இங்க நாப்பது ஜனம் வாந்தி எடுத்துட்டுக் கிடக்கு. நீங்களாவது ஒரு காரணம் சொல்லுங்களேன்!”

நாற்பது உயிரைக் கையில் வைத்திருப்பவன், தன் உயிரையும் சேர்த்து, ஒரு வேலைக்காக மண்ணில் மோதத் தயாராக இருக்கிறானே என்று நக்வாவுக்குப் பயமும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

“காத்து குறைஞ்சிடுச்சுன்னு சொல்லேன்,” என்றார் வக்தி. “சொன்னா வாய் வலிக்குமா?”

நக்வா மைக்கை அவர் முன்னால் நீட்டினாள். “நீங்களே சொல்லிடுங்க சார். இதுல பேசுறதெல்லாம் பதிவாகும். நாளைக்கு விசாரணைன்னு வந்தா உங்க குரலையே போட்டுக் கேட்கட்டும்.”

சுடுசட்டியைத் தொட்டவர் போல வக்தி கையை இழுத்துக்கொண்டார்.

கீழே கன்று மறுபடியும் கத்தியது. நக்வா மைக்கைத் திருப்பிக்கொண்டு பொத்தானை அழுத்தினாள். “கேப்டன், ஓடுபாதையில மாடு புகுந்துடுச்சு. நிலையத்தை மூடியாச்சு. லக்ஸர் போங்க.”

“மாடா? அல்ஹம்துலில்லாஹ்!” ஸப்ரியின் குரலுக்கு உயிர் வந்தது. “மாடு நின்னா முதலாளியே ஆனாலும் என்ன பண்ண முடியும்?”

“பொய்! மாடு கீழ கட்டிக் கிடக்கு!” என்று அலறினார் வக்தி.

“பார்த்தீங்களா சார்? பார்த்துட்டுச் சொல்லுங்க.”

வக்தி கண்ணாடியில் மூக்கை அழுத்திப் பார்த்தார். மண்தான் தெரிந்தது.

நக்வா அவர் பக்கம் திரும்பவே இல்லை. “வலப்பக்கம் திரும்புங்க கேப்டன், மேலே ஏறுங்க, மலைப் பக்கம் போயிடாதீங்க” என்று, லக்ஸர்காரர்கள் பொறுப்பேற்கும் வரை பேசிக்கொண்டே இருந்தாள். கடைசியில் லக்ஸரிலிருந்து தொலைபேசி வந்தது. விமானம் இறங்கிவிட்டது, எல்லோரும் பத்திரம். நக்வா நாற்காலியில் சாய்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“பாஷாவை லக்ஸருக்கு அனுப்பிட்டு நிம்மதியா சாஞ்சுக்கிறியா?” வக்தி பல்லைக் கடித்தார். “நாளையிலேர்ந்து இந்தப் படி ஏறாதே! என் பையன் பிழைப்புல மண்ணள்ளிப் போட்டுட்டியே. இனி பாஷா முன்னால எந்த மூஞ்சியோட போய் நிப்பேன்?”

படிகளில் தடதடவென்று காலடிச் சத்தம். முகத்தில் சுற்றிய துண்டை அவிழ்த்தபடி, இடுப்பில் கம்பெனி ரேடியோ தொங்க, கதவைத் தள்ளிக்கொண்டு ஒருவர் உள்ளே வந்தார். சுவரொட்டியில் சிரித்த அதே முகம், இப்போது சிரிக்கவில்லை.

“என் விமானம் எங்கய்யா?”

வக்தி கண்ணைக் கசக்கிப் பார்த்தார். “பா... பாஷா! நீங்க அதுல வரலையா?”

“நேத்தே வானிலை அறிக்கையைப் பார்த்துட்டுக் கார்ல வந்து சேர்ந்துட்டேன்,” என்றார் பஹ்கத் பாஷா, காதுக்குள் புகுந்த மண்ணைத் தட்டியபடி. “இந்தக் காத்துல எவனாவது விமானம் ஏறுவானா?”