மேனேஜர் கூப்பிடுகிறார்

“உன் சிறுநீர்ப் பரிசோதனையில ஏதோ மாட்டியிருக்கு, மார்வின்” என்றார் மேனேஜர் கிளைட். “என்னத்தைப் போட்டுக்கிட்ட?”

மார்வினுக்குப் பயமும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட மாதிரி உடம்பு முழுக்க மரத்துக் கிடந்தது. ஒக்லஹோமாவின் இந்தப் பொட்டல் ஊரில் மைனர் லீக் என்கிற கீழ்மட்டப் பேஸ்பால் ஆடி ஆடியே அவனுக்கு வயது முப்பத்திரண்டு ஆகிவிட்டது.

மேஜர் லீக் மைதானத்தை இதுவரை டிவியில்தான் பார்த்திருக்கிறான். இந்த வருடமும் மேலே கூப்பிடாவிட்டால் மாமனாரின் டயர் கடைதான் கதி.

கிளைட் சூரியகாந்தி விதையைக் கடித்து, தோலைக் காகிதக் கோப்பையில் துப்பினார். முகம் கல் மாதிரி இருந்தது. பஸ்ஸில் வெளியூர் போகும்போதெல்லாம் சீட்டாட்டத்தில் இதே முகத்தை வைத்துக்கொண்டுதான் அத்தனை பேரையும் மொட்டையடிப்பார்.

மூலையில் பயிற்சியாளர் ஆர்ட்டி தொப்பியால் வாயை மூடிக்கொண்டு நின்றார். துக்கம் தாங்கவில்லை போலும். கதவுக்கு வெளியே டீம் பயல்கள் எதற்கோ கிளுகிளுவென்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கென்ன, நன்றாகச் சிரிக்கட்டும்.

“ஆமா ஸ்கிப், போட்டுக்கிட்டேன்” என்றான் மார்வின். டீமில் எல்லோருக்கும் கிளைட் ‘ஸ்கிப்’தான்.

கடித்த விதை கிளைட்டின் வாயிலேயே நின்றது. “டேய், இரு...”

“மார்ச் மாசத்துலேருந்து. தொடையில ஊசி. ரோண்டாகிட்ட வைட்டமின்னு சொல்லி வச்சிருக்கேன். பாவம், என் பொண்டாட்டியே பஞ்சு எடுத்துக் குடுப்பா.”

“மார்வின், போதும். நிறுத்து.”

மனிதர் வெறுத்துப்போய்விட்டார் என்று நினைத்துக்கொண்டான். ஆனால் இத்தனை மாதம் அடக்கி வைத்தது, இனி நிறுத்தினாலும் நிற்கிறதாக இல்லை.

“இந்த சீசன்ல பந்தெல்லாம் வேலியைத் தாண்டிப் போச்சே, அது நான் அடிச்சது இல்ல ஸ்கிப். மருந்து அடிச்சது. ஒவ்வொரு தடவையும் நீங்க முதுகுல தட்டுவீங்க. எனக்கு ஒண்ணுமே தோணாது. சந்தோஷம்கூட வரல.”

சொல்லி முடித்தால் பாரம் இறங்கும் என்பார்கள். இறங்கவில்லை. ஆர்ட்டி தொப்பியை இறக்கிவிட்டுத் தரையைப் பார்த்தார். வெளியே சிரிப்புச் சத்தம் அடங்கிவிட்டிருந்தது.

கிளைட் எழுந்து போய் ஜன்னல் பக்கம் நின்றார். மைதானத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

“நீ இவ்வளவு சொன்னப்புறம் நான் மேலிடத்துக்குச் சொல்லாம இருக்க முடியாது. தெரியும்ல?”

“தெரியும் ஸ்கிப். அதான் டெஸ்ட்லயே வந்துருச்சே, நீங்க சொல்லி என்ன ஆகப்போகுது?”

கிளைட் திரும்பினார். அந்தக் கல் முகத்தை இப்போது காணவில்லை.

“டெஸ்ட்ல ஒண்ணும் வரலடா. மேஜர் லீக்குக்குப் போறவனை முதல்ல கொஞ்சம் அழ வைக்கிறது நம்ம வழக்கம்தானே.”