வேலியோரத்துச் செடி

குளிர்மலை வீடொன்றில் பாக்ஸ்வுட் என்ற அலங்காரச் செடிகள் இரண்டு இருந்தன. வாசல் செடியை வீட்டுக்காரி ரெஜினா பந்துபோல வெட்டி அழகு பார்ப்பாள். வேலியோரத்துச் செடியைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. வயிற்றெரிச்சலில் அது கிளையை நீட்டி அவள் சேலையைக் கிழித்தது. அவள் கத்தரிக்கோலோடு வந்தாள்.

"உறைபனி வரப்போகுது. இப்ப வெட்டினா புதுத்துளிர் விடும், அது கருகிடும். கிளையை உள்ள இழுத்துக்கோ," என்றது வாசல் செடி.

"எனக்கு ஒரு நல்லது நடந்தா உனக்குப் பொறுக்காதே!" என்று வேலிச் செடி தலையைக் கொடுத்தது.

துளிர்கள் வந்தன. உறைபனியில் எல்லாம் கருகின. ரெஜினா பதறிப்போய்த் தினமும் அதனருகே உட்கார்ந்து, சாக்கு போர்த்திப் பார்த்துக்கொண்டாள்.

"ரொம்ப வலிக்குதா?" என்று கேட்டது வாசல் செடி.

"வலிக்குது. ஆனா அவ இன்னிக்கும் என் பக்கத்துலதான் இருந்தா."

வாசல் செடி தன் பச்சை இலைகளைப் பார்த்தது. முதல்முறையாக அவற்றின்மேல் அதற்கு எரிச்சல் வந்தது.