இருளர் இருக்கை

எல்லாச் சமூகத்தாரும் அவையில் இருந்தாலன்றி எத்தீர்மானமும் செல்லாது என்பது மாநகர மன்றத்தின் சட்டம். இருளர்க்குரிய இருக்கையில் கன்னியம்மா மூன்றாண்டுகளாக, நடுக்கடலில் தனித்த தோணிபோல் அமர்ந்திருந்தாள். அவளோடு பேசுவார் எவருமிலர்.

அன்று ஏரிக்கரைக் குடிசைகளை அகற்றும் தீர்மானம் வந்தது. அக்குடிசைகளில் வாழ்வோர் அவளுடைய உறவினர்.

"ஐயா, ஒரு வார்த்தை சொல்லலாங்களா?" என்று எழுந்தாள்.

"நீ வந்தது பதிவாயிடுச்சும்மா, அது போதும். உக்காரு," என்றார் தலைவர்.

"இவங்க பேச ஆரம்பிச்சா நம்ம டீ ஆறிடும்!" என்றார் ஓர் உறுப்பினர். அவை நகைத்தது.

கன்னியம்மா அமரவில்லை; வெளியே நடந்தாள். அவள் வாயிலைக் கடந்ததும் உறுப்பினர் வருகையைக் காட்டும் மன்றத்தின் பதிவு விளக்குகள் யாவும் சிவந்தன. தீர்மானம் நின்றது.

"கன்னியம்மா! அம்மா, நில்லுங்கம்மா!" என்று தலைவர் ஓடிவந்தார்.

அம்மன்றம் அவள் பெயரை உச்சரித்தது அதுவே முதன்முறை. வெளியே அவளுக்காகக் காத்திருந்தவர் ஒருவருமில்லை. ஆயினும் அவள் நில்லாது நடந்தாள்.