குப்பையை எடுத்தாச்சு

"இந்தக் கன்வர்ட்டர்தாம்மா குப்பை! புகையைச் சுத்தம் பண்றேன்னு வண்டியோட மூச்சையே பிடிச்சு வச்சிருக்கு. கழட்டி எறிஞ்சுடு" என்றார் மாமனார், தன் பழைய ஸ்போர்ட்ஸ் காரின் அடியைக் காட்டி.

சொந்தமாக ஒர்க் ஷாப் நடத்தும் மருமகள், "பார்க்கிறேன் மாமா" என்று லேப்டாப்பை இன்ஜின் கம்ப்யூட்டரில் இணைத்தாள்.

"போன வருஷம் உன் புருஷன் ஏதோ ட்யூன் பண்ணான். சத்தம்தான் வந்துச்சு, வேகம் வரல. பயந்தாங்கொள்ளி, அந்தக் குப்பையில கை வைக்கல போல."

பக்கத்தில் நின்ற அவர் மகன் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தான்.

சாயங்காலம் சாவி மாமனார் கைக்கு வந்தது.

"குப்பையை எடுத்துட்டியா?"

"மிச்சம் மீதி இல்லாம எடுத்துட்டேன் மாமா."

ஒரு சுற்று போய் வந்தவர் சின்னப் பையன் போலத் துள்ளி இறங்கினார்.

"அடேயப்பா! மிதிச்சா பாயுது! புகை வாடைகூட இல்ல. கன்வர்ட்டரைக் கழட்டினதும் என்ன வேகம் பாரு!"

"கழட்டினதோட விடல மாமா. புதுசா ஒண்ணு மாட்டியிருக்கேன்."

"என்னது?"

"பழசுக்குள்ள ஒண்ணுமே இல்ல. யாரோ குடைஞ்சு எடுத்துட்டு வெறும் கூட்டை மாட்டியிருக்காங்க. கம்ப்யூட்டர்லயும் கண்டபடி கை வச்சு, இன்ஜினுக்குள்ள அளவுக்கு மேல பெட்ரோலைக் கொட்ட விட்டிருக்காங்க. அந்தக் குப்பையைத்தான் எடுத்தேன். கம்பெனி செட்டிங்கையே திரும்பப் போட்டுட்டேன்."

மாமனார் வாயைப் பிளந்தார். "கெட்டிக்காரிம்மா நீ! ஆமா, எந்த அரைகுறை இப்படிப் பண்ணி வச்சான்?"

மருமகள் ஓரக்கண்ணால் கணவனைப் பார்த்தாள். அவனோ, ஏற்கெனவே பளபளவென்றிருந்த கார்க் கண்ணாடியை விழுந்து விழுந்து துடைத்துக்கொண்டிருந்தான்.