தாயின் சாட்சி

நான்காம் வகுப்பு முடிந்ததும் பிள்ளை கல்லூரிப் படிப்புக்கா, தொழிற்பட்டறைக்கா என்று ஜெர்மனியில் பிரித்துவிடுகிறார்கள். இப்போதெல்லாம் அதை முடிவு செய்வது ஆசிரியர் அல்ல. பெற்றோர் கூட்டங்களில் மேசைமேல் உட்கார்ந்து மொழிபெயர்க்கும் கருவி, அங்கே தாய் பேசியதை வைத்து. பெற்றவளுக்குத் தெரியாததா மற்றவர்களுக்குத் தெரிந்துவிடும் என்பது அதன் கணக்கு.

சாத்தூரிலிருந்து வந்த சுகந்தி ஒவ்வொரு கூட்டத்திலும் ஊர் வழக்கப்படியே பேசியிருந்தாள். மகளை டீச்சர் புகழும்போது ஆமாம் போட்டால் கண்பட்டுவிடாதா? மிதுனாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே, "இவளா? சுத்த மக்கு மிஸ். ஏதோ படிக்கிறாள்னா அது உங்களாலதான்" என்பாள்.

மிதுனாவுக்குப் பட்டறை என்று வந்தது. மேல்முறையீட்டுக்கு ஒரே வழிதான். அதே கருவியின் முன்னால், மகள் கேட்க, தாய் தன் பேச்சை மாற்றிச் சொல்ல வேண்டும்.

"எம் பொண்ணு ரொம்பக் கெட்டிக்காரி" என்றாள் சுகந்தி. வாய் கூசியது. அவள் அப்படிச் சொன்னதே இல்லை.

"குரலில் நம்பிக்கை இல்லை. மறுபடி சொல்லுங்கள்" என்றது கருவி, சுத்தத் தமிழில்.

மறுபடி சொன்னாள். குரல் இன்னும் இறங்கிப்போயிற்று.

"முன்பு சொன்னதே உண்மை எனக் கொள்ளப்படுகிறது. மேல்முறையீடு தள்ளுபடி."

திரும்பும் வழியில் டிராமில் மிதுனா ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"அது மெஷின்டி. அதுக்கு என்ன தெரியும்?" என்றாள் சுகந்தி.

மிதுனா திரும்பவில்லை. "எனக்கும் அப்படித்தாம்மா கேட்டுச்சு."